மணலில் ஊன்றிய மட்டை

மலையில் இருக்கும் ஒரு கோல்ஃப் கிளப்பில் நான் கேடி. ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கிற ஆளுக்கு அங்கே அதுதான் பெயர். என் ஊர் ராமநாதபுரத்தில் போய்ச் சொன்னால் போலீஸ் தேடுகிறவன் என்று நினைப்பார்கள். பதினோரு வருடமாகச் சுமக்கிறேன். பந்து மணல் குழியில் விழுந்தால், அடிக்கும் முன் மட்டை மணலில் படக் கூடாது, பட்டால் அடித்த கணக்கில் இரண்டு அடி தண்டமாகக் கூடும் என்று நான் எச்சரிக்காத உறுப்பினர் கிடையாது. அந்த வாயை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருடம் கேடிகளுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயிப்பவனுக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை, கூடவே குடியிருக்க வீடு. வேலையை விட வீடுதான் என்னை ஆட்டிவைத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஊரில் மிளகாய்க் காட்டிலும் நான் மலையிலுமாகத்தான் குடும்பம் நடக்கிறது.

என் அடிக்கு ஒரு கோளாறு உண்டு. பந்து வலப்பக்கம் ஓடும். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். தினமும் காலையில் இரண்டு பேரும் பைக்கில் பெரியபட்டினம் கடற்கரைக்குப் போவோம். நான் அடிப்பேன், அவள் என் செல்போனில் வீடியோ எடுப்பாள். அடிக்கும் முன் மட்டையின் தலையைப் பந்துக்குப் பின்னால் எப்படி வைப்பது என்பதுதான் ஆராய்ச்சி. முனையைத் தூக்கி வைத்தேன், குதியைத் தூக்கி வைத்தேன், தரையில் படாமல் அந்தரத்தில் பிடித்தேன். பந்து என்னைக் கேலி செய்தது. ஒரு நாள் எரிச்சலில், அடிப்பாகம் முழுக்கப் பதியும்படி மணலில் அழுத்தி ஊன்றி அடித்தேன். நூல் பிடித்த மாதிரி போனது. அன்றிலிருந்து அப்படியே அடித்தேன்.

அவள்தான் கேட்டாள். "என்னங்க, மம்பட்டிய ஊனுற மாதிரி ஊனுறீக? மணல்ல படக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீக?"

அது மணல் குழிக்குள் மட்டும்தான், வெளியே ஊன்றலாம் என்று பதமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மிளகாப் பறிக்கிறவளுக்கு இதெல்லாம் என்னடி தெரியும்? வாய மூடிக்கிட்டு எடு" என்று கத்தினேன்.

போட்டியில் பந்தைப் போட வேண்டிய கடைசிக் குழிக்கு வரும்போது, எல்லாரையும் விட ஓர் அடி குறைவாக அடித்து நான் முன்னால் இருந்தேன். பந்து மணல் குழியில் விழுந்தது. இறங்கி நின்றேன். கை தன்பாட்டுக்குப் போய் மட்டையைப் பந்துக்குப் பின்னால் ஊன்றியது. மணல் நசுங்கியது கைக்குத் தெரிந்தது. கூட ஆடியவன் எட்டு வருடப் பழக்கம். "அண்ணே, பட்டுருச்சு" என்றான் மெதுவாக. அவனை அறையலாம் என்று வந்தது. அவன் சொன்னது சரி, அதனால்தான் அவ்வளவு ஆத்திரம். இரண்டு அடி தண்டம். ஓர் அடியில் தோற்றேன்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என் கையை நானே வெட்டிப் போடலாம் போலிருந்தது. சாயங்காலம் ஊருக்குப் போன் செய்து, மணலில் ஊன்றிவிட்டேன், வீடு இல்லை என்று சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "சாப்டீகளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கும் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன்.

அடுத்த போட்டி வருகிறது. மட்டை வைக்கும் விதத்தைப் பார்க்க அந்தப் பழைய வீடியோக்களைத் திறக்கிறேன். அவளிடம் கத்திய அன்றைய அடிதான் இருப்பதிலேயே நல்ல அடி, அதைப் பார்க்காமல் முடியாது. அவள் கேட்பதும் நான் கத்துவதும் அதில் அப்படியே இருக்கின்றன. நேற்றுச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நான் கத்துகிற இடத்தில் படம் நடுங்குகிறது.