கேள்வி கேட்பது நான்

எனக்கு டெனிஷ் படிப்பித்தது பிரெஞ்சுப் பொலிஸ்காரர்கள். சிரிக்காதீர்கள், உண்மை. வைலே என்ற டெனிஷ் ஊரில் நானும் மன்னாரைச் சேர்ந்த அண்ணை ஒருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சனிக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் பிரெஞ்சுப் பொலிஸ் படம் போடுவார்கள். பிரெஞ்சு எங்கள் இருவருக்கும் தெரியாது. கீழே டெனிஷ் எழுத்து ஓடும். மொழி வகுப்பில் ரீச்சர் "ஆப்பிள் சிவப்பு" என்று சொல்லித் தந்துகொண்டிருக்க, நான் "யார் உத்தரவு போட்டது?" என்று எழுத்துக் கூட்டப் பழகிவிட்டேன்.

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது துவக்குச் சூடு இல்லை. கசங்கிய மழைக்கோட்டோடு ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். மேலதிகாரி, விசாரணையை நிறுத்து என்பார். இவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவார். கடைசியில் பார்த்தால் கள்ளன் தெருவில் இல்லை, மேல்மாடியில் இருப்பான். அண்ணை ஒவ்வொரு முறையும் தொடையில் தட்டி, "பாத்தியே, மேலை இருக்கிறவன்தான்!" என்பார்.

என் மனைவியும் மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அகதி என்று என்னை ஏற்றுக்கொண்டது இந்த நாடுதான். குடும்பத்தைக் கூப்பிடுவது சட்டப்படி என் உரிமை. விண்ணப்பம் கொடுத்தேன். வருடம் ஒன்று போய், இன்னொன்றும் போனது. தமிழர் எல்லோருக்கும் அதே கதைதான். கேட்டால், "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். எத்தனை நாளைக்கடாப்பா பரிசீலிப்பீர்கள்!

பழைய உடுப்புக் கடையில் ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் அரைநாள் வேலை முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு வெளிநாட்டார் அலுவலகக் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு, எங்கே வேலை, எங்கே இருப்பது என்று என்னை விசாரிக்கத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்த டெனிஷ் அதுதானே, வாயில் வந்துவிட்டது.

"கேள்வி கேட்பது நான். யார் உத்தரவு போட்டது?"

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அவள் முதலில் சிரித்தாள். பிறகு மேசையைப் பார்த்தபடி, "அதை என்னால் சொல்ல முடியாது" என்றாள். படத்தில் ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும், "அண்ணை, மேலை ஆள் இருக்கு" என்றேன்.

"உனக்கென்ன விசரே? அவங்கடை நாட்டிலை இருந்துகொண்டு அவங்களையே விசாரிக்கிறியோ? உன்ரை பைலைத் தூக்கி அடியிலை போட்டிடுவாங்கள். பேசாமல் இரு."

"இப்ப மட்டும் மேலையோ கிடக்குது? அழுத பிள்ளைதானண்ணை பால் குடிக்கும்."

ஒவ்வொரு வெள்ளியும் போனேன். அதே கோட்டு, அதே கேள்வி. "இன்ஸ்பெக்டர் வெளிக்கிட்டிட்டார்" என்று அண்ணை நக்கலடிப்பார். அடிக்கட்டும். பிறகு ஒருநாள் பேப்பரில் வந்தது: தமிழரின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி மேலிடமே சொல்லியிருக்கிறது. அண்ணை அன்று தொடையில் தட்டவில்லை. அவருடைய மனைவியும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு பைல்கள் அசையத் தொடங்கின; கடைசியில் என் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் கோட்டோடு அவர்களை நோக்கி வேகமாக நடந்தேன். மகள் தாயின் பின்னால் ஒளிந்து, "அம்மா, பொலிஸ்!" என்று கத்தினாள். லொட்ஜில் கதவைத் தட்டி, நேரே அவர்களிடம் வந்த ஆம்பிளைகள் எல்லோரும் பொலிஸ்தானே. கோட்டைக் கழற்றி, குளிரில் நடுங்கிய பிள்ளையைச் சுற்றிப் போர்த்தினேன்.

ரயிலைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்த காலம் அது. வைலேக்குப் போகும் வழியில், மகள் கோட்டுக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள்.

"ஏன் எங்களை முதலே கூப்பிடேல்லை?"

"கூப்பிட்டனான் பிள்ளை. வர விடேல்லை."

"ஆர் விடேல்லை?"

அடுத்த வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கவுண்டர் மேசையில் தூக்கி இருத்தி, "இப்ப கேள் பிள்ளை" என்றேன்.