சைக்கிள் சில்லில் ஓடிய றேடியோ

உருத்திரபுரத்திலிருந்து வெளிக்கிட்டு, எத்தனையோ இடம் மாறி, கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தோம், நானும் என் ஒன்பது வயது மகளும். ஷெல் பட்ட மனைவியைக் காயக்காரரைக் கொண்டுபோகும் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றி மூன்று நாளாகிவிட்டது. உயிரோடு திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களைப் பின்னேரம் றேடியோவில் வாசிக்கிறார்களாம் என்று கஞ்சி வரிசையில் ஒரு கதை.

பற்றரிக்கு எங்கே போவது? வன்னியில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட் ஒன்றை நடுவில் போட்டு, டைனமோ வயரை றேடியோவில் கொழுவினேன். மகள் பெடலைச் சுற்றினாள். நான் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, கரண்ட் என்னத்தாலை செய்தது?”

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாய் சும்மா கிடக்குமா?

“எல்லாப் பொருளுக்குள்ளையும் இலத்திரன் எண்டு கண்ணுக்குத் தெரியாத துணிக்கையள் இருக்கு. இந்தச் செம்புக் கம்பி நிறைய அதுதான். டைனமோ புதுசா ஒண்டும் செய்யாது. உள்ளுக்கை சுத்துற காந்தம் அதுகளைத் தள்ளிவிடும். அந்த ஓட்டம்தான் கரண்ட்.”

“தள்ளின உடனை இஞ்ச வந்திடுமோ?”

“கஞ்சி வரிசையிலை பின்னுக்கு நிக்கிறவை தள்ளினா, முன்னுக்கு நிக்கிறவை உடனை அசையினம்தானே? அப்பிடித்தான்.”

“அப்ப கெதியாச் சுத்தினா?”

“தள்ளு கூடிப்போய் றேடியோ எரிஞ்சிடும். ஒரே சீராச் சுத்து பிள்ளை.”

பெயர்கள் தொடங்கின. முதலில் ஊர், பிறகு பெயர். உருத்திரபுரம் என்றது தெளிவாகக் கேட்டது. அதோடு குரல் மங்கியது. பிள்ளையின் கை களைத்திருக்க வேண்டும்.

“கெதியாச் சுத்து! இன்னும் கெதியா!” என்று கத்தினேன்.

அவள் எழும்பி நின்று இரண்டு கையாலும் சுற்றினாள். றேடியோ ஒருமுறை கீச்சிட்டது. எரிந்த மணம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஊருக்குத்தான் உபதேசம். என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மகளின் முகம் வெளிறிவிட்டது. “நான்தான் பழுதாக்கினனானோ? அம்மான்ரை பேர் வரேல்லையோ?”

“வந்தது. வாசிச்சிட்டாங்கள். அதுக்குப் பிறகுதான் நிண்டது” என்றேன்.

கப்பல் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். அடுத்த தறப்பாளில் என் மனைவியின் தாய் இருந்தா. அம்மா தப்பிவிட்டா என்று சொல்ல அவள் ஓடினாள். நான் கூப்பிட்டு நிறுத்தவில்லை.