பிரேக்கிலிருந்து காற்று எடுத்த நாள்

அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதியவனுக்குக் கார் திருத்துவது பெரிய வேலையில்லை என்று நம்பியிருந்தேன். கார் அப்படி நம்பவில்லை.

துறைமுகப் பக்க இறக்கத்தில், ஊருக்குள் திரியும் மான்கள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன்; கால் தரைவரை போனது. கைப்பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். மான்கள் எங்களை ஒருதரம் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தன. பக்கத்தில் இருந்த மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் ஓட்டோவில போறன். நீங்கள் உங்கட சாமானோட வாங்கோ."

அதன் பிறகு அவள் காரில் ஏறவில்லை. தம்பலகாமத்தில் இருக்கும் அவளுடைய அக்காவிடம் வெள்ளிக்கிழமைகளில் இருவரும் காரில் போவது வழக்கம். இப்போது அவள் மட்டும் பஸ்ஸில் போனாள். பிரேக் சரிவரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் திரும்பவும் என் பக்கத்தில் இருப்பாளா என்பதுதான் பயம்.

பிரேக் சிலிண்டரைக் கழற்றி, ரப்பர்களை மாற்றிப் பூட்டினேன். குழாய்களில் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை: ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் சில்லடியில், சக்கரத்தின் பின்னால், காற்று வெளியேறும் ஆணியைத் திறந்து மூட. அவளைக் கேட்டேன்.

"ஏறமாட்டன் எண்டு சொன்னனான்."

"மிதிக்கிறதுக்கு மட்டும். நாலு சில்லும் அந்தரத்தில நிக்குது. விரும்பினாலும் ஓட ஏலாது."

செய்முறையைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். பதினொரு படிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் என்று ஒரு கட்டம். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தாள்.

"கையெழுத்து எங்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு மிதிக்க ஏறினாள்.

"அமத்தும். பிடிச்சுக்கொண்டிரும். இப்ப விடும்." காருக்கடியில் கிடந்து இப்படிச் சொல்லிச் சொல்லி, நாலு சில்லும் முடிய மத்தியானமாயிற்று.

"எப்பிடி இருக்கு?"

"பஞ்சு மாதிரி அமுங்குது."

மறுபடியும் செய்தோம். மறுபடியும் பஞ்சு. முதுகு நிலத்தோடு ஒட்டிக் கிடந்தபோது, இனி அவளுக்குப் பஸ்தான் என்று நினைத்தேன். உள்ளே தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ, போத்தலில எண்ணெய் குறையக் குறைய ஊத்தவேணும் எண்டு ஏழாவதில கிடக்கு. அது ஆரிண்ட வேலை? கட்டத்தில ஒண்டும் இல்லை."

எழும்பிப் போய் காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்தேன். பிரேக் எண்ணெய்ப் போத்தல் காய்ந்து கிடந்தது. நாங்கள் கீழால் காற்றை எடுக்க எடுக்க மேலால் புதுக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று எத்தனையோ பேரின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான்.

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, வெற்றுக் கட்டத்தில் 'மனைவி' என்று எழுதினாள். பிறகு ஒவ்வொரு சில்லுக்கும் அவளே இரண்டு தரம் இறங்கி வந்து ஊற்றினாள். பின்னேரம் பிரேக் கல்லுப்போல நின்றது.

வெள்ளிக்கிழமை கைப்பையோடு வந்தாள். முதலில் என் இடத்தில் ஏறி இருந்து பிரேக்கை ஒருதரம் மிதித்துப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து பக்கத்தில் ஏறினாள்.

அதே இறக்கம். மான்களும் வந்தன. மிதித்தேன், கார் நின்றது. அவளுடைய காலும், பிரேக் இல்லாத இடத்தில், தரையை அமத்திக்கொண்டிருந்தது. கடைசி மான் போன பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.

"இப்ப விடும்," என்றேன்.