கியர் கால்

திண்டிவனத்தில் மொத்த மருந்துக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணசாமியிடம் சவுரிராயன் பதினாறு வருஷமாக லைன் பார்க்கிறான். லைன் என்றால் பெரிய விஷயமில்லை. பின்சீட்டில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெடிக்கல் ஷாப்புகளில் சரக்குப் போட வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மழையென்றும் வெயிலென்றும் ஒரு நாள் சாக்குச் சொன்னதில்லை. கடையில் அவன் எடுத்த நல்ல பேர் அவ்வளவும் வண்டி மேல் உட்கார்ந்து எடுத்ததுதான்.

போன பொங்கலிலிருந்து அவனுடைய இடது கால் அவனுடையது மாதிரி இல்லை. முதலில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் அந்த எறும்பும் போய்விட்டது. முன்பாதத்தைக் கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளின மாதிரி இருந்தது. ஆறு வருஷமாகச் சர்க்கரை மாத்திரை விழுங்குகிறவன், மருந்துப் பெட்டியோடேயே திரிகிறவன், அது என்ன என்று தெரியாதவனா? தெரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அப்புறம் இந்த வயசில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

பழைய வண்டி இருந்தவரைக்கும் வண்டவாளம் வெளியே வரவில்லை. அதில் நாலு கியரும் முன்னால் மிதிக்கிற கியர். உள்ளங்காலால் ஓங்கி ஒரு மிதி, விழுந்துவிடும். குறைப்பதற்குக் குதிகாலால் பின்பக்கம் ஒரு மிதி. குதிகாலில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. அந்த வண்டி புகை தள்ளிப் படுத்துவிட்டதும் முதலாளி புதுசு எடுத்தார். இதில் ஐந்து கியர். முதலாவது மட்டும் கீழே. மற்ற நாலுக்கும் கட்டைவிரலைக் கியர் கம்பிக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். எந்த விரல் செத்துக் கிடந்ததோ அந்த விரலுக்கே வேலை. நியூட்ரலுக்குப் பச்சை விளக்கு எரியும். மற்றபடி எத்தனையாவது கியரில் ஓடுகிறது என்று மீட்டர் காட்டாது.

"திங்கக்கெழமையிலேர்ந்து விழுப்புரம் லைனும் ஒன்னுதுதான் சவுரி" என்றார் முதலாளி, சனிக்கிழமை கடை சாத்தும்போது. "நாளைக்கி பேத்திக்கு ஞானஸ்நானம்னியே, வண்டிய எடுத்துக்கினு போ. கை பழகிக்கும்."

கை பழகிவிடும். காலுக்கு யார் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெண்டாட்டி பவுலினை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மகள் அமலாவைக் கொடுத்திருக்கிற ஊர் விழுப்புரம் போகிற ரோட்டில், விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே வலது கைப்பக்கம் பிரிந்து உள்ளே போக வேண்டும். பத்து மணிக்குப் பூசை.

காதை நம்பித்தான் வண்டியை எடுத்தான். எஞ்சின் கத்தினால் கியர் போதவில்லை, மேலே தூக்கு. டக் டக்கென்று இடித்துக்கொண்டு முக்கினால் வேகத்துக்கு மீறின கியர், கீழே இறக்கு. இருபதுக்கு ரெண்டாவது, முப்பதுக்கு மூணாவது, நாற்பதுக்கு நாலாவது. ஊருக்குள் இந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஹைவேயில் ஏறினதும் லாரி இரைச்சலும் ஹெல்மெட்டுக்குள் அடிக்கிற காற்றும் சேர்ந்து காதையும் பிடுங்கிக்கொண்டன.

"இன்னா அமலா அப்பா, வண்டி இந்தக் கத்து கத்துது?" பவுலின் பின்னாலிருந்து கேட்டாள். இருபத்தேழு வருஷமாக அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். வண்டியின் கைப்பிடியைத் தொட்டதில்லையே தவிர, சத்தம் அவளுக்கு அத்துப்படி.

"புது வண்டிமே. அப்டிதான் இருக்கும்."

"புது வண்டின்னா கத்துமா? மேல போடுய்யா."

தூக்கினான். தூக்கினதாக நினைத்தான். சத்தம் மாறவில்லை. இன்னொரு தரம் தூக்கினான், மறுபடியும் ஒரு தரம். எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியவில்லை. வண்டி திடீரென்று சுருதி இறங்கி உடம்பெல்லாம் உதறியது.

"இப்ப இன்னாத்துக்கு முக்குது? ஒண்ணு கத்தறது, இல்லன்னா முக்கறது. வண்டியும் ஒன்ன மாதிரியே வந்து சேந்துருக்குது."

அவன் சிரித்து வைத்தான். சட்டைக்குள் வேர்வை ஓடியது. கால் எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தால் கன்டெய்னர் லாரியின் பின்கதவு முகத்துக்கு எதிரே நின்றது. பிரேக்கைப் பிடித்து ஒதுங்கினான். பவுலின் பேச்சை நிறுத்திவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இனி கியரைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினான். நாலாவதோ ஐந்தாவதோ, எதுவாகவும் இருக்கட்டும். நாற்பத்தைந்தில் இழுத்துக்கொண்டு போகிறது, போகட்டும். ஆனால் வலது பக்கம் திரும்புகிற இடம் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது. அங்கே நிற்க வேண்டும். நின்றால் முதல் கியருக்கு வர வேண்டும். ரோட்டைத் தாண்ட வேண்டும். வண்டியில் அவன் மட்டுமென்றால் அது வேறு.

இடம் வந்தது. மீடியனின் இடைவெளியில் வேகத்தைக் குறைத்து, கிளட்ச்சைப் பிடித்து, நாலு தரம் மிதித்தான். மிதித்த சத்தம் கேட்டதா? கேட்ட மாதிரிதான் இருந்தது. எதிரே ரெண்டு கார் போயிற்று. அப்புறம் ரோடு காலி. தூரத்தில் ஒரு பஸ். போதும், தாண்டிவிடலாம்.

கிளட்ச்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடுரோட்டில் நின்றுபோனது.

முதலாவது இல்லை. மூணாவதோ, நாலாவதோ.

ஸ்டார்ட்டரை அமுக்கினான். எஞ்சின் பிடித்தது, கிளட்ச்சை விட்டதும் மறுபடி செத்தது. பஸ் ஹார்னை அழுத்திக்கொண்டே வந்தது. பவுலின் குதித்து இறங்கி, கையிலிருந்த பையை ரோட்டில் எறிந்துவிட்டு, பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். அவன் கிளட்ச்சை இறுக்கிக்கொண்டு ரெண்டு காலாலும் உந்தினான். சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கவும் பஸ் கிறீச்சென்று பக்கத்தில் நிற்கவும் சரியாக இருந்தது.

டிரைவர் தலையை நீட்டினான். "யோவ் பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

"வூடே கூட வந்துக்கீது, போய்யா!" என்றாள் பவுலின்.

பஸ் போனதும் ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்தாள். அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். பார்வை கீழே போயிற்று.

"செருப்பு எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்ததோ, எத்தனை மைலுக்கு முன்னாலோ. கட்டைவிரல் மேல்தோல் கம்பியில் தேய்ந்து தேய்ந்து உரிந்து, ரத்தமும் மண்ணும் சேறாகியிருந்தது.

"வலிக்கலியா?"



அவள் உட்கார்ந்து நகத்தால் அவன் பாதத்தை அழுத்திக் கீறினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் நடக்கவில்லை.

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேர்ந்து."

"அப்ப மே மாசம் மாதா தேருக்கு உச்சி வெயில்ல தார் ரோட்ல வெறுங்கால்ல நடந்தியே. சாமியாரே கூப்ட்டுச் சொன்னாரு, சவுரிராயனாட்டம் விசுவாசம் வேணும்னு."

"அதாம்மே."

"பாவி" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. குழந்தைக்கு என்று வாங்கியிருந்த புதுத் துண்டை எடுத்து விரலைச் சுற்றிக் கட்டினாள்.

"ஏறுமே. ரெண்டாவதுலயே மெதுவா ஓட்டிக்கினு போயிட்றேன்."

"எது ரெண்டாவதுன்னு ஒனக்குத் தெரியுமா? ஏறமாட்டேன். நீயும் ஏறக்கூடாது. மொதலாளிக்குப் போன் போடு."

"வேலை போயிடும் பவுலினு."

"போடு."

போட்டான். கால் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னான். "எந்தக் காலு?" என்றார் முதலாளி.

"எடதுங்க மொதலாளி."

"கியர் காலு." என்றார். "இத்தினி நாளு என் சரக்க ஏத்திக்கினு இந்தக் காலோடயா சுத்தின? வண்டிய அங்கயே பூட்டிப் போடு, ஆள் அனுப்பி எடுத்துக்கிறேன். கால மொதல்ல பாரு. நாளைக்கிக் கடைக்கு வா, பேசிக்கலாம்."

"வா" என்று சொன்னது வேலைக்கா, கணக்கு முடிக்கவா? திருப்பிக் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. போன் வைத்தாயிற்று.

வண்டியைப் புளியமரத்தடியில் பூட்டினான். பவுலின் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் இடது செருப்பைக் கழற்றி அவன் காலில் மாட்டிவிட்டாள். அது சின்னது. குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கடிக்குதா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மணி ஒன்பதரை. ஊர் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ஒற்றைச் செருப்போடு அவள் முன்னால் நடந்தாள். சவுரிராயன் பத்தடிக்கு ஒரு தரம் குனிந்து, செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போனான்.