வெயிலில் மட்டும் கிளம்பாத வண்டி

திருவல்லிக்கேணிக் கொட்டகையில் ஒரு படம் ஓடும். மயிலாப்பூர்க் கொட்டகையிலும் அதே நாளில் அதே படம் ஓடும். ஆனால் படம் ஒரே பிரதிதான். இரண்டு கொட்டகைக்கும் முதலாளியான சுப்பராமன் ஒரு படத்துக்கு இரண்டு பிரதி வாடகைக்கு எடுக்கிறவர் அல்ல. அதனால் திருவல்லிக்கேணியில் ஓடி முடிந்த ரீல்களை மயிலாப்பூருக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அவை அங்கே ஓடி முடிவதற்குள் திரும்பி வந்து அடுத்த ரீல்களையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஆள்தான் இனாயத்.

இனாயத் முன்பு ஜட்கா ஓட்டியவன். ஊரில் பஸ் பெருகியதும் சவாரி குறைந்தது. அந்தச் சமயத்தில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து, பக்கத்தில் தொட்டில் வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சுப்பராமன் வாங்கினார். "குதிரையையே ஓட்டினவனுக்கு இதை ஓட்ட வராதா?" என்று இனாயத்திடம் கொடுத்தார். இரண்டே நாளில் வந்துவிட்டது. ரீல் டப்பாக்களைத் தொட்டிலில் ஜமீன்தார் மாதிரி உட்காரவைத்துக்கொண்டு அவன் ராயப்பேட்டை வழியாகப் போவதைப் பார்க்கத் தெருவில் ஆள் நிற்கும். அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க அவன் முயன்றதே இல்லை.

ஆனால் கை பழகியது குதிரையிடம். வண்டியை உதைத்துக் கிளப்பும்போது நாக்கால் 'டொக் டொக்' என்பான். நிறுத்தியதும் பெட்ரோல் டாங்கியைத் தட்டிக்கொடுப்பான். மழை பெய்தால் தான் நனைந்தாலும் பழைய ஜட்காக் கூண்டுத் துணியை என்ஜின்மேல் போர்த்தித்தான் ஓட்டுவான். உச்சி வெயிலில் ஓடிவந்தால் தண்ணீர் காட்டுவான். அதாவது, மயிலாப்பூர்க் கொட்டகையின் பின்னால் இருக்கும் குழாயில் துண்டை நனைத்து என்ஜின்மேல் பிழிந்து, சுற்றிலும் ஒற்றி எடுப்பான். ஓடிவந்த உயிருக்குத் தண்ணீர் காட்டாமல் எந்த ஜட்காக்காரனும் பீடி பற்றவைக்க மாட்டான்.

வண்டி கைக்கு வந்த பிறகு வந்த முதல் கோடையில்தான் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது.

மயிலாப்பூரில் ரீலைக் கொடுத்துவிட்டு வந்து உதைப்பான். கிளம்பாது. பத்து உதை, இருபது உதை உதைத்தாலும் ஒரு முனகல்கூட இருக்காது. சட்டை நனைந்து, கால் மரத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, வெறுத்துப்போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இதெல்லாம் மத்தியான ஆட்டத்தில்தான். சாயங்கால ஆட்டத்தில் ஒரு தொல்லையும் இல்லை. மழை நாளில் கேட்கவே வேண்டாம். ஒரே உதைதான்.

ஒரு நாள் கதாநாயகி கிணற்றில் விழப்போகிற இடத்தில் ரீல் தீர்ந்துவிட்டது. அடுத்த ரீல் திருவல்லிக்கேணியில் இருந்தது. இனாயத் கொட்டகைக்குப் பின்னால் உதைத்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு தரை டிக்கெட்டில் ஒருவன் கத்தினான்: "அந்தம்மா எம்மா நேரந்தான் கிணத்தாண்ட நின்னுக்கினு இருப்பாங்கோ! குதிக்கச் சொல்லு, இல்லாட்டி வூட்டுக்குப் போவச் சொல்லு!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சுப்பராமன் சிரிக்கவில்லை.

"இனாயத், கேட்டுக்கோ. சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் பெரிய மனுஷாள்லாம் வரா. அன்னிக்கும் இது படுத்துண்டா, வண்டியை வித்துடுவேன். வேப்பேரியிலே ஒருத்தர் கேட்டுண்டே இருக்கார். ரீலை டாக்ஸியிலே அனுப்பிக்கறேன்."

"நான், சாமி?"

"நீ பழையபடி ஜட்கா ஓட்டு."

ஜட்கா கேவலம் என்று இனாயத் நினைக்கவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனவனுக்கு அதை விட்டுவிட மனம் வராது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த கோதண்டபாணியின் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போனான். கோதண்டபாணி மோட்டார் ரிப்பேரில் பெயர் வாங்கியவன். அவன் உதைத்தான். முதல் உதையிலேயே கிளம்பியது.

"இன்னா பாய், வண்டி மணியாட்டம் கீது!"

"உன்னைக் கண்டா பயந்துக்கினு ஓடுது நைனா. மைலாப்பூர்ல வந்து பாரு, எப்படிப் படுத்துக்குதுன்னு!"

கோதண்டபாணி பிளக்கைக் கழற்றினான். அதை ஒயரோடு சேர்த்து என்ஜின் இரும்பின்மேல் படுக்கவைத்து மெல்ல உதைத்தான். நீலமாகப் பொறி பறந்தது. மேக்னெட்டோதான் அந்தப் பொறியைத் தரும் பெட்டி. என்ஜின் சுற்றும்போது அதுவும் சுற்றி மின்சாரத்தை உண்டாக்கும். பொறி இல்லையென்றால் பெட்ரோல் எரியாது, வண்டி கிளம்பாது. கோதண்டபாணி அதன் மூடியைத் திறந்து உள்ளே உப்புத்தாளால் தேய்த்தான், ஒயரையும் புதிதாக மாற்றினான்.

"தண்ணி கிண்ணி படுதா இதும்மேல?"

"மழையில சும்மா பறக்குது நைனா! வெயில்லதான் இந்த அழும்பு."

கோதண்டபாணி தாடையைச் சொறிந்தான். "அப்ப தண்ணி இல்ல. சூடுதான். உள்ள சுத்திக்கினு கீற கம்பி சூடாயிடுது, பொறி வரமாட்டேங்குது. நல்லா ஆற வச்சு ஓட்டு பாய்."

சொன்னதில் தவறு இல்லை. கேட்ட சேதிக்குச் சரியான பதில்தான். ஆனால் ஆற வைக்க இனாயத்துக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அன்று மத்தியானம் துண்டைப் பிழிந்ததோடு நிற்காமல், ஈரக் கோணி ஒன்றை மடித்து மேக்னெட்டோவின் மேலேயே போட்டான். வண்டி அன்று கிளம்ப ஒரு ரீல் நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு மறுநாள் குழாய் வறண்டு கிடந்தது. 'இன்றைக்கு என்ன ஆகுமோ' என்று பயந்துகொண்டே உதைத்தான். ஒரே உதையில் கிளம்பியது. அவன் அல்லாவுக்கு நன்றி சொன்னான். ஏன் என்று யோசிக்கவில்லை.

யோசித்தவள் அவன் மனைவி ஹாஜிரா பீ. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் எண்ணெய்க் கறை பிடித்த ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"ஏங்க, இன்னிக்கும் வண்டி மக்கரா?"

"உனக்கு யார் சொன்னது?"

"துண்டு சொல்லிச்சு. துண்டு நனைஞ்சு வந்தா உங்க மூஞ்சி காஞ்சு கீது. துண்டு காஞ்சு வந்தா மூஞ்சி குளுந்து கீது. நானும் தினம் பாக்கறேன்."

"வெயில்ல வண்டி நிக்குது. வெயில்லதான் தண்ணியும் காட்டறேன். ரெண்டும் ஒண்ணா வராம எப்படி வரும்?"

"நேத்தும் வெயில்தான். துண்டு காஞ்சுல்ல வந்துச்சு?"

"நேத்து குழாயில தண்ணி வரல."

"வண்டி?"

இனாயத் வாயைத் திறந்தான். "ஒரே உதை" என்று மெதுவாகச் சொன்னான். சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து, கடற்கரை ரோட்டில் வண்டியைச் சூடு பறக்க ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினான். தண்ணீர் காட்டாமல் உதைத்தான். கிளம்பியது. அணைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரில் துண்டை நனைத்து வழக்கம்போல் பிழிந்தான். உதைத்தான். ஊஹும். மறுபடி உதைத்தான். ஒன்றுமில்லை.

எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். "இன்னா பாய், குதிரை முரண்டா?"

"முரண்டுதான்! சுத்தமா முரண்டு!" என்று சொல்லி இனாயத் வாய்விட்டுச் சிரித்தான்.

மேக்னெட்டோவின் மூடியைத் திறந்தான். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாகப் பக்கத்து இரும்பில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துக் கொஞ்சம் வெயில் காட்டி மூடினான். உதைத்தான். கிளம்பியது. மழைக்கும் வெயிலுக்கும் இருந்த வித்தியாசம் இப்போது புரிந்தது. மழையில் அவன் வண்டியை நனையவிட்டதே இல்லை.

கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து ஹாஜிரா பீ சொன்னாள்: "வண்டி கிளம்பலைன்னு சிரிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

தொழுகை முடிந்ததும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்ச் சொன்னான். கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டான்.

"வண்டியைக் குளிப்பாட்டினியா? அட இன்னா பாய் நீ! தண்ணி படுதான்னு வாயைத் தொறந்து கேட்டேனே!"

"நீ மழையைக் கேக்கறேன்னு நெனச்சேன் நைனா."

"நானும் மழையைத்தான் நெனச்சேன், போ. ஆற வையின்னு நானே வேற சொல்லிட்டேன். வா, டீ சாப்பிடு."

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மயிலாப்பூரில் ரீலை இறக்கிவிட்டு இனாயத் திரும்பினான். என்ஜினிலிருந்து அனல் அடித்தது. சுப்பராமன் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனாயத்தின் கால்கள் தாமாகக் குழாயடிக்குப் போயின. கைகள் தாமாகத் துண்டை நனைத்தன. சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு வண்டியருகே வந்து நின்றான். பாவம், எவ்வளவு சூடு! ஒரு வாய் தண்ணீர்தானே?

பல்லைக் கடித்துக்கொண்டு, துண்டைத் தன் தலையில் சுற்றிக்கொண்டான். முதுகில் வழிந்த குளிர்ச்சி சுகமாகத்தான் இருந்தது. 'டொக் டொக்' என்று நாக்கைத் தட்டி ஓர் உதை விட்டான்.

வண்டி கிளம்பியது.

"என்ன ரிப்பேர் பண்ணினே?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார் சுப்பராமன்.

"தண்ணி காட்டறத நிறுத்திட்டேன், சாமி!"

"யாருக்கு?"

இனாயத் அதற்குள் தெருமுனை திரும்பியிருந்தான். அன்று கதாநாயகி கிணற்றடியில் ஒரு நொடிகூடக் கூடுதலாக நிற்கவில்லை. சரியான நேரத்தில் குதித்தாள்.