துண்டு இருக்கா?

வலி மாத்திரை விற்கிற தொழிலில் கொடுத்தாலும் பாவம், கொடுக்காவிட்டாலும் பாவம். எந்தப் பாவம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் நமக்கு விட்டிருக்கிறார்கள். நான் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனை பஜாரில் ஒரு சின்ன பாமசியில் மருந்து கொடுப்பவள். ஊருக்கு நான் 'பாமசி மிஸ்'. டொக்டர் மருந்து எழுதித் தரும் தாளை எங்கள் பக்கம் துண்டு என்போம். பதினொரு வருடத்தில் வணக்கத்தை விட அதிகமாக நான் சொன்னது "துண்டு இருக்கா?" என்பதைத்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று திட்டு வாங்கும் சக பாவிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

நிரைக்குப் பொது

செல்வமணி அக்கா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மலையில் வழுக்கி விழுந்து தோளில் அடி. டொக்டர் கொஞ்சம் கடுமையான மாத்திரையாகப் பத்து எழுதியிருந்தார், ஐந்து நாளைக்கு. மறுநாளே வந்து நின்றார். எல்லாம் முடிந்துவிட்டதாம். ஒரே நாளில் பத்தை விழுங்கியவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இவரோ வெற்றிலை மென்றுகொண்டு சௌக்கியமாக நிற்கிறார். எனக்குத்தான் தலை சுற்றியது.

விசாரித்தால் விஷயம் வேறு. தேத்தண்ணி நேரத்தில் அட்டையைப் பிரித்திருக்கிறார். அவரோடு பக்கத்துப் பக்கத்து நிரையில், அதாவது செடி வரிசையில், வேலை செய்பவர்கள் எட்டுப் பேர். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குக் கழுத்து, ஒருத்திக்கு முழங்கால். ரொட்டியும் சம்பலும் பொதுவாக இருக்கும்போது மாத்திரை மட்டும் தனியாகவா இருக்கும்? ஆளுக்கொன்று, தனக்கு இரண்டு. அதில் ஒருத்தி மயக்கம் வந்து கொழுந்து நிறுக்கும் வரை தேயிலைச் செடிக்கடியில் உட்கார்ந்திருந்தாளாம். இது பழக்கமாகிவிடும், ஒருவர் மருந்து இன்னொருவருக்கு விஷம் என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் வெளங்குதுங்க மிஸ். ஆனா எட்டுப் பேரு பாத்துக்கிட்டிருக்கையில நா மட்டும் எப்படிங்க தனியா முழுங்குறது?"

மரியாதைக்காரர்

அடுத்தவர் ஒரு கனவான். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் சப்பாத்து, பேச்சுக்குப் பேச்சு "எக்ஸ்கியூஸ் மீ". முதுகு வலி என்று துண்டு நீட்டினார். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற ஆட்களிடம் ஒன்பது கேள்வி கேட்கிற நான், இவருக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். போகும்போது இரண்டு தடவை தேங்க்யூ சொன்னார். அன்று முழுக்க எனக்கு மனம் குளிர்ந்திருந்தது.

சாயங்காலம் ஏதோ சந்தேகம் வந்து, தலவாக்கலையில் பாமசி வைத்திருக்கும் சிநேகிதிக்குக் கோல் எடுத்தேன். அதே துண்டு, அதே முதுகு, காலையில் அங்கேயும் போயிருக்கிறது. ஹட்டனிலும் ஒரு கடையாம். அன்றிலிருந்து மருந்து கொடுத்ததும் துண்டில் சீல் குத்துகிறோம். சிநேகிதி போனை வைப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"ஒனக்கும் ரெண்டு தேங்க்யூவாடி?"

யார் பேரில்?

ஏமாந்தவளுக்கு ரோஷம் அதிகம். துண்டு இல்லாமல் வலி மாத்திரை கிடையாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன். மழை முடிந்து கொழுந்து பொங்கி வரும் காலம் அது. பெண்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர் வந்து, பெரிய டப்பாவாக ஒன்று கேட்டார். மாத்திரை போட்டால் ஆளுக்கு இரண்டு கிலோ கூட எடுக்கிறார்களாம். செடிக்கு உரம், ஆளுக்கு மாத்திரை. நான் சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டினேன். அவர் அதை இரண்டு மொழியிலும் நிதானமாக வாசித்தார்.

"துண்டா? யாரு பேருல மிஸ் எழுதச் சொல்றது, கொழுந்து பேருலயா?"

ராமையா அண்ணன்

ராமையா அண்ணனின் மனைவி லெட்சுமிக்குப் புற்றுநோய். எலும்பு வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவருக்கான வலி மாத்திரை இல்லாத மாதங்களில், வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்கானதை நான்தான் கொடுத்திருந்தேன். ஆறு நாள் முன்னதாகவே வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நீட்டியது, நான் சீல் குத்திய அதே பழைய துண்டு.

கனவானும் கங்காணியும் என் கண்முன் வந்து போனார்கள். இந்த மனுஷன் பொண்டாட்டி மாத்திரையைத் தானே விழுங்குகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். "இது முடிஞ்ச துண்டு. புதுத் துண்டு இருக்கா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். சண்டை போட்டிருந்தால் ஒரு வார்த்தை விசாரித்திருப்பேன். அவர் பழைய துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிங்க மிஸ்."

ரொட்டி டின்

இரண்டு நாள் கழித்து செல்வமணி அக்கா வந்தார். "லெட்சுமி செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு இருக்குங்க மிஸ். சத்தமே இல்ல. அண்ணனும் தூங்கி எத்தன நாளோ. டொக்டரு கொப்பியில மாத்திரைய கூட்டி எழுதியிருக்காராமே, நீங்க குடுக்கலியா?" என்றார். கிளினிக்கில் டொக்டர் எழுதி வைக்கும் நோட்டு, அந்தக் கொப்பி! நான் கேட்டது துண்டு. கொப்பி வீட்டில் இருந்தது. மழையில் நனைந்து எழுத்து அழிந்தால் கிளினிக்கில் பார்க்கவே மாட்டார்கள் என்று பொலித்தீனில் சுற்றி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். டொக்டருக்குக் கோல் எடுத்தேன். நாளுக்கு இரண்டை மூன்றாக்கியவர், புதுத் துண்டு எழுத மறந்திருந்தார். உடனே எழுதிப் போட்டோ அனுப்பினார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அக்காவோடு நடந்தேன்.

லயத்தில் லெட்சுமியின் தலைமாட்டில் ஒரு ரொட்டி டின். மலையில் கூட வேலை செய்த பெண்கள், அவரவர் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பனடோல், பிரஷர் மாத்திரை, ஒரு பூச்சி மாத்திரையும் உண்டு. பங்கு போடாதே என்று நான் பிரசங்கம் செய்த அதே ஆட்கள். டின்னைப் பறித்துக்கொண்டேன், அது என் கடமை. வெட்கமாக இருந்தது, அதுவும் எனக்குச் சேர வேண்டியதுதான். மாத்திரை கொடுத்து, வலி அடங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்தேன். லெட்சுமி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"துண்டு கேட்டது சரிதானுங்க மிஸ், கேக்காட்டி கண்டவனும் வாங்கித் தின்னுருவான். வலிக்குதான்னும் ஒரு வார்த்த கேட்டிருந்தா, எங்க வீட்டுக்காரரு சொல்லியிருப்பாரு."

இப்போது நான் இரண்டு கேள்வியும் கேட்கிறேன்: வலியில்லாதவர்கள் இரண்டாவதற்குப் பத்து நிமிடம் பதில் சொல்கிறார்கள், வலிக்கிறவர்கள் "கொஞ்சங்க" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.