சாரல் ஷோவில் ஒரு கழுத்துப் பிடி

1. கை அமுக்கு

ரிங்குக்குள் ஒருவன் அலறினால் ரெஃப்ரி பயப்படத் தேவையில்லை. அலறுகிறவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். சத்தம் போடாமல் கிடப்பவனிடம்தான் ஓட வேண்டும். ஷோ குஸ்தி கம்பெனியில் நான் ரெஃப்ரியாகச் சேர்ந்த முதல் நாள் மாஸ்டர் சொன்ன பாடம் இது. மாஸ்டர்தான் எங்கள் முதலாளி. பழைய பயில்வான், இரண்டு காதும் நசுங்கிக் கிடக்கும்.

"கீழ கெடக்கவன் கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கு. நல்லா இருக்கியான்னு அர்த்தம். அவன் திருப்பி அமுக்குனா இருக்கேன்னு அர்த்தம். அமுக்கலைன்னா ஷோவை நிறுத்து. வேற எதுக்கும் நிறுத்தாத. வெளங்குதாலே?"

விளங்குகிறது என்றேன்.

"இன்னொண்ணு. வில்லன் கள்ள ஆட்டம் ஆடும்போது நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிடணும். ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு சனம் ஒன்னைய ஏசணும். ஏசலைன்னா நீ வேலை பாக்கலைன்னு அர்த்தம்."

நான் நன்றாகவே வேலை பார்த்தேன். சங்கரன்கோவிலிலிருந்து புனலூர் வரைக்கும் எல்லா ஊர்ச் சனமும் என்னை ஏசியிருக்கிறது.

இப்போது வீரகேரளம்புதூரில் என் வீட்டுப் பக்கத்துப் பையன்கள் செல்போனில் வெளிநாட்டுக் குஸ்தியைப் பார்த்துவிட்டு வந்து, "அதெல்லாம் டூப்புதான தாத்தா?" என்று கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். யார் ஜெயிப்பது என்பது பேசி வைத்ததுதான். ஆனால் விழுகிறவன் நிஜமாகத்தான் விழுகிறான். ரிங் என்பது மரப்பலகை, மேலே கொஞ்சம் தென்னை நார், அதற்கு மேல் கித்தான் துணி, அவ்வளவுதான். பலகைக்கு நடிக்கத் தெரியாது.

2. புலியும் கழுகும்

எங்கள் ஹீரோ பாண்டி. புளியங்குடி கமிஷன் கடையில் எலுமிச்சை மூட்டை சுமந்தவன். போர்டில் அவன் பெயர் பொதிகைப் புலி. வில்லன் தேவசகாயம், செங்கோட்டை மர டிப்போவில் பெரிய மரத் தடிகளை லாரியில் ஏற்றியவன். அவனுக்குக் கறுப்புக் கழுகு என்று பெயர். கண்ணில் மை அப்பிக்கொண்டு, கழுத்தில் கறுப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு, முன்வரிசையைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் ரிங்குக்குள் ஏறுவான். துப்பிய கையோடு செருப்பு வரும். அதையும் ஒரு மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வான்.

ஹீரோவும் வில்லனும் ஊருக்குள் சேர்ந்து நிற்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். பாண்டிக்குத் தென்காசியில் லாட்ஜ் என்றால் தேவசகாயத்துக்குச் செங்கோட்டையில். "டிக்கெட் எடுக்கவன் ஒங்க சண்டையை நம்பித்தாம்லே வாரான். நீங்க சேந்து நின்னு டீ குடிச்சா நான் கம்பெனியைச் சாத்திட்டுப் போகணும்" என்பார் மாஸ்டர். வீட்டிலும் மூச்சு விடக் கூடாது.

பாண்டி இதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். அவன் மனைவி செல்லத்தாய்க்குத் தேவசகாயம் நிஜமாகவே எதிரி, புருஷனைத் தினமும் போட்டு அடிக்கிற பாவி. அவன் பெயரைச் சொல்லித் தெருவில் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். பாண்டி அதையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான்.

நிஜத்தில் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ரிங் சாமான் ஏற்றிய லாரியில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு, ஒரே பொட்டலத்தில் செங்கோட்டை பார்டர் கடைப் பரோட்டா தின்பார்கள்.

"நேத்து கை கொஞ்சம் ஓங்கிருச்சோலே?" என்று தேவசகாயம் கேட்பான்.

"ஒன் அடி எங்கம்மை தட்டித் தூங்க வைக்க மாதிரிலா இருக்கு" என்பான் பாண்டி.

பாண்டியின் மகள் காது குத்துக்குத் தோடு வாங்கியது தேவசகாயம். மாஸ்டர் கொடுத்தது என்று சொல்லித்தான் செல்லத்தாய் கையில் கொடுத்தோம். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அவள் தூக்கி எறிந்திருப்பாள்.

3. சாரல்

குற்றால சீசனில், ஐந்தருவி போகிற பாதையை ஒட்டி ஒரு காலி மைதானத்தில் ரிங் போட்டிருந்தோம். சாயங்கால ஷோ. சாரல் விழுந்தால் மற்ற ஊர்களில் சனம் கலைந்துவிடும், குற்றாலத்தில் அதற்காகத்தானே வருகிறார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கித்தான் நனைந்து ஊறிவிட்டது.

"மேல் கயித்துல ஏற வேண்டாம்லே. வழுக்கும்" என்று பாண்டியிடம் சொன்னேன்.

"செல்லத்தாயும் பிள்ளையும் முன்னால உக்காந்திருக்காவ அண்ணாச்சி. புலி பாயலைன்னா எப்படி" என்று சிரித்தான். துண்டை வைத்து மூலைக் கயிற்றைத் துடைத்தோம். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

கடைசிப் பாய்ச்சலில் தேவசகாயம் மல்லாந்து கிடக்க வேண்டும், பாண்டி மேல் கயிற்றிலிருந்து அவன்மேல் விழ வேண்டும். விழுகிறவனைக் கையில் வாங்குவது கீழே கிடப்பவன் பொறுப்பு. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பாண்டி ஏறினான், கையை விரித்தான், கால் வழுக்கியது. தேவசகாயம் எம்பிக் கையை நீட்டினான். எட்டவில்லை. பாண்டியின் தலைதான் முதலில் தரையில் பட்டது. பலகை ஒரு சத்தம் போட்டது. பாண்டி சத்தமே போடவில்லை.

நான் முட்டி போட்டு அவன் கையைப் பிடித்து அமுக்கினேன். பதில் இல்லை. மறுபடி அமுக்கினேன். அந்தக் கை நனைந்த துணி மாதிரி கிடந்தது.

சனம் முதலில் இதையும் நடிப்பு என்றே நினைத்தது. "ஏந்திரிலே புலி" என்று சிரித்தார்கள். பிறகுதான் நாலைந்து பேர், தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கலாம் என்று ரிங்கில் ஏறினார்கள். நல்ல எண்ணத்தில் ஏறியவர்கள்தான்.

அவர்களுக்கு முன்னால் தேவசகாயம் பாய்ந்துவிட்டான். பாண்டியின் தலைமாட்டில் குப்புற விழுந்து, இரண்டு முன்னங்கையையும் அவன் காதுகளுக்கு அணையாக வைத்து, உள்ளங்கையைப் பிடரிக்கு அடியில் கொடுத்து இறுக்கிக்கொண்டான். கீழே இருந்து பார்த்தால் கழுத்தை நெரிப்பது போலவே இருக்கும்.

"திருப்பி அமுக்குதானா அண்ணாச்சி?" என்று என் காதோடு கேட்டான்.

"இல்லலே."

"அப்பம் தலையை ஒருத்தனும் தொடக் கூடாது. பெஞ்சுப் பலகை ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க. டிப்போல மேல தடி விழுந்தவனை இப்படித்தான் தூக்கி உக்கார வச்சுக் கொன்னாவ."

நான் கையை உயர்த்தி, "யாரும் ஏறாதிய, நிஜமாவே அடிபட்டிருக்கு" என்று கத்தினேன். கண் அவிந்த ரெஃப்ரி சொல்லி எவன் கேட்பான்? மேலும் ஆட்கள் ஏறினார்கள். அப்போதுதான் தேவசகாயம் முகத்தைத் திருப்பி, தன் வில்லன் குரலில் அதைச் சொன்னான்.

"எவனாவது கிட்ட வந்திய, இவன் கழுத்தைத் திருகிப் போட்டுருவேன்."

ஏறியவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த மைதானம் பயப்படுகிற குரல் அது ஒன்றுதான். அவர்கள் நின்றார்கள், ஆனால் கீழேயிருந்து கல் வந்தது. ஒரு சோடா பாட்டில் வந்து அவன் காதுக்கு மேல் உடைந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

பலகை வந்தது. மாஸ்டரும் நானும் பாண்டியை அதில் ஏற்றினோம். தலையைப் பலகையோடு சேர்த்துக் கட்டியது தேவசகாயத்தின் கறுப்புத் துண்டால்தான். பாண்டியை ஏற்றிய வேன் கிளம்பிய பிறகு சனம் தேவசகாயத்தைப் பிடித்துக்கொண்டது. போலீஸ்காரர்கள் வந்திராவிட்டால் அவன் செத்திருப்பான்.

4. வராந்தா

தென்காசியில் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். "கழுத்து ஆடாமக் கொண்டு வந்ததால உயிர் இருக்கு" என்றார் டாக்டர். செல்லத்தாய் வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நாங்கள் எல்லாரும் ஒரே கம்பெனி, அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதர்கள், அவன் நெரிக்கவில்லை, தலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கழுத்தைத் திருகிப் போட்டுருவேன்னான். எங் காதால கேட்டேன்."

"அது சனத்தை வெரட்டச் சொன்னது தாயி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை. "அவன் பின்னால நின்னு குத்தும்போதெல்லாம் நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவிய அண்ணாச்சி. எத்தனை ஷோவுல பாத்திருக்கேன். இதையும் நீங்க பாத்திருக்க மாட்டிய."



பாண்டி பிழைத்தான். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கழுத்தும் பலம் இல்லாமல் போனது. கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடப்பான், அதற்கு மேல் முடியாது. விழுந்த நாள் அவன் நினைவில் இல்லவே இல்லை. "தேவசகாயம் என் கூட்டாளி" என்று அவனும் செல்லத்தாயிடம் சொல்லிப் பார்த்தான். "இத்தனை நாள் எதிரின்னீரு, இப்பம் கூட்டாளிங்கீரு. எதை நம்பச் சொல்லுதீரு?" என்று கேட்டிருக்கிறாள். சோறு ஊட்டுகிறவளோடு அவன் எவ்வளவு தூரம் வழக்காட முடியும்? விட்டுவிட்டான்.

மாஸ்டர் அதோடு கம்பெனியை மூடினார். தேவசகாயம் ஐந்தருவியில் பழக்கடை போட்டான். ரம்புட்டான், மங்குஸ்தான், சீசன் முடிந்தால் கொய்யா. செல்லத்தாயோ அவள் சொந்தக்காரர்களோ அருவிக்கு வருவது தெரிந்தால் கடையை விட்டு எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விடுவான். பார்த்து அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்பான்.

பாண்டி இறந்தபோது தேவசகாயம் மாலையோடு புளியங்குடிக்கு வந்தான். "அங்கனயே நில்லும்" என்று செல்லத்தாயின் தம்பிகள் தெருமுனையில் மறித்துவிட்டார்கள். தோள் கொடுக்க வந்தவன் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு நின்றான்.

"ஊரு என்னமும் பேசிட்டுப் போட்டும் அண்ணாச்சி. நான் செய்யலைன்னு செல்லத்தாய் ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும். அவ நம்பாம நான் செத்துரக் கூடாது."

அன்றைக்கு எனக்கு எங்கள் தொழில் மேலேயே வெறுப்பு வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வேஷம் போடுகிற எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போங்கள், ஊரை நம்ப வையுங்கள், அதில் தப்பில்லை. வீட்டையும் சேர்த்து நம்ப வைத்துவிடாதீர்கள். உண்மை பேச வேண்டிய நாளில் கேட்க ஆள் இருக்காது.

5. சத்தத்தை நிறுத்திவிட்டு

அந்த ஷோவைத் தென்காசி ஸ்டூடியோக்காரர் ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். அவர் இறந்த பிறகு, பரணில் கிடந்த கேசட்டை எல்லாம் அவர் மகன் கம்ப்யூட்டருக்கு மாற்றி இந்த வருஷம் நெட்டில் போட்டுவிட்டான். பக்கத்துப் பையன் ஒருவன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கறுத்த முடியோடு நான் ஓடிக்கொண்டிருந்தேன். அடியில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். பாதிப் பேருக்கு அது நடிப்பு. மீதிப் பேர் அந்த வில்லனை ஜெயிலில் போட்டார்களா என்று கேட்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு புளியங்குடிக்கு பஸ் ஏறினேன்.

"அந்தக் கண்றாவியை எதுக்கு அண்ணாச்சி திரும்பப் பாக்கணும்?" என்றாள் செல்லத்தாய். முடி நரைத்திருந்தது. மகள் போலீஸ் வேலைக்குப் போயிருக்கிறாள், வீட்டில் இவள் மட்டும்தான்.

"ஒரு தடவை பாரு. சத்தத்தை நிறுத்திட்டேன். அவன் என்ன சொன்னான்னு ஒனக்குத் தெரியும். இப்பம் கையை மட்டும் பாரு."

பார்த்தாள். சத்தம் இல்லாத படத்தில் சனம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ரிங்கில் நான் பாண்டியின் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன். அந்த அமுக்குக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். தேவசகாயம் பாய்ந்து விழுந்தான். அவன் தோளும் முதுகும் முறுக்கேறி நின்றன. கை மட்டும் காதுகளின் இரண்டு பக்கமும் அசையாமல் இருந்தது. பாட்டில் வந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கை அசையவில்லை.

"நெரிக்கவன் கை தொண்டையிலலா இருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"பேசாம இருங்க அண்ணாச்சி."

அவளே விரலால் படத்தை நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள்.

"அவுகளைக் குளிப்பாட்டும்போது தலையை இப்படித்தான் பிடிக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாவ. சாகுற வரைக்கும் நான் பிடிச்ச பிடி இது." கையைக் கிண்ணம் மாதிரிக் குவித்துக் காட்டினாள். "இந்தப் பிடி எனக்குத் தெரியாதா அண்ணாச்சி. என்னைய விட யாருக்குத் தெரியும்."

அழுது முடிக்கும் வரை நான் உட்கார்ந்திருந்தேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "அவரு இப்பம் எங்கன இருக்காரு?" என்று கேட்டாள்.

அன்றைக்கே பஸ் பிடித்தோம். வழியில் தோடு விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். எங்களைப் பார்த்ததும் தேவசகாயம் வழக்கம்போல எழுந்து மரத்தைப் பார்க்க நடந்தான். அவனுக்கும் முட்டி போய்விட்டது, வேகமாகப் போக முடியவில்லை.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் செல்லத்தாய்.

நின்றான். திரும்பவில்லை. காதுக்கு மேல் அந்தத் தழும்பு தெரிந்தது.

"அந்தத் தோட்டைத்தான் எம் மக வேலையில சேருத அன்னைக்கும் போட்டுட்டுப் போனா."

அவன் திரும்பினான். கையை வேட்டியில் துடைத்தான். அவள் மங்குஸ்தான் குவியலுக்கு மேலாகக் கையை நீட்டி, அவன் கையைப் பிடித்து, ஒரு அமுக்கு அமுக்கினாள்.

அவன் திருப்பி அமுக்கினானா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரெஃப்ரி வேலையில் எனக்கு நன்றாக வந்தது அது ஒன்றுதான்.